சிவப்பைக் குறைத்தபோது

கணினித் திரையில் மாமா தக்காளியாகியிருந்தார். நன்றாகப் பழுத்த தக்காளி. மூக்கும் இல்லை, கன்னமும் இல்லை. எதிரே மைக் மட்டும் தெளிவாக நின்றது. பொடிசு அடுத்த படத்துக்குப் போனாள். அதிலும் தக்காளிதான், ஆனால் வாயைத் திறந்த தக்காளி. அதற்கடுத்ததில் தக்காளியைப் புகை மூடியிருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாற்காலியில் சாய்ந்து முகட்டைப் பார்த்தாள்.

பொடிசு என்பது வீட்டில் வைத்த பெயர். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாளாம். இப்போது அந்தக் குடும்பத்திலேயே அவள்தான் நெட்டை. தன் ஸ்டூடியோவுக்குள்ளேயே குனிந்துதான் நுழைவாள். ஆள் வளர்ந்தாள், பெயர் வளரவில்லை. ஸ்டூடியோ என்பது தெருவைப் பார்த்த ஒரே அறை. பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல், தலை வாரிக்கொள்ளக் கண்ணாடி, மூலையில் கணினி. பின்கதவைத் திறந்தால் வீடு. அங்கே அவளும் அம்மாவும். மாடியில் மாமா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், சாயங்காலமானால் ஓர் இன்னிசைக் குழுவின் தலைவர். போன வாரக் கச்சேரியைப் படமெடுக்கும் பொறுப்பை மருமகளிடம் ஒப்படைத்திருந்தார்.

தப்பு பொடிசுடையது அல்ல, விளக்குக்காரருடையது. அவர் புதிதாக ஒரு வரிசைச் சிவப்பு விளக்கும் ஒரு புகைப் பெட்டியும் வாங்கியிருந்தார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் காதல் பாட்டு, சோகப் பாட்டு, நன்றியுரை என்று எல்லாவற்றுக்கும் சிவப்பையே பிடித்தார். மேடைக்குக் கீழேயிருந்து பொடிசு 'வேண்டாம்' என்று கையை ஆட்டிக் காட்டினாள். ரசிகையின் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு விளக்கைப் போட்டார். கும்பிட்டுக் காட்டினாள். புகை வந்தது.

பின்கதவு கிறீச்சிட்டது. அம்மா கையில் வறுத்த கடலையோடு வந்து நின்றாள்.

"என்ன, உங்க மாமா படம் ஒண்ணும் தேறலையா?" கேள்வியில் வருத்தத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது.

"தேறும்மா. ரா ஃபைல் இருக்கு, பயமில்ல."

"ராத்திரி எடுத்தா ரா ஃபைலா? அப்ப பகல்ல எடுத்தா பகல் ஃபைலா?"

"ரா-ன்னா பச்சைன்னு அர்த்தம். கேமரா பார்த்ததை அப்படியே, சமைக்காம வச்சிருக்கும். நம்ம இஷ்டத்துக்கு வெளிச்சத்தை ஏத்தலாம், நிறத்தைக் குறைக்கலாம். மத்த ஃபைல் எல்லாம் வெந்த காய் மாதிரி. வெந்ததைத் திரும்பப் பச்சையாக்க முடியாதில்ல?"

"பச்சையா? அன்னிக்கு அவன் சிவப்பா இல்ல இருந்தான்."

பொடிசு திரும்பிப் பார்த்தாள். கணினித் திரை அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்? நீதான் வரலையே. பல் வலின்னு டாக்டர்கிட்ட போனே."

"ஊரே சொல்லுது" என்றாள் அம்மா. பல் வலிக்காரி கடலையை நறுக்கென்று கடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அம்மாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டைக்குக் காரணம் ஒரு சரணம். குழுவுக்கென்று சொந்தமாக ஒரு மழைப் பாட்டு உண்டு. கச்சேரிக்குக் கச்சேரி ரசிகர்கள் கேட்டு வாங்குவது அதைத்தான். எழுதியது அம்மா. முதல் சரணம் தம்பிக்கு, இரண்டாவது சரணம் அக்காவுக்கு என்பது ஏற்பாடு. ஒரு கச்சேரியில் முதல் சரணத்துக்குக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போக, அந்த மயக்கத்தில் மாமா நிறுத்தாமல் இரண்டாவதையும் தானே பாடி முடித்துவிட்டார். அம்மா பாட்டு முடியும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு நின்றாள். முடிந்ததும் மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். இறங்கினவள் இறங்கினவள்தான். அதற்குப் பிறகு ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் இருந்துகொண்டு, "உங்க மாமாகிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று பொடிசைத் தபால்காரியாக்கிவிட்டார்கள். தண்ணீர் மோட்டார் போடுவதில் தொடங்கி காய்ச்சல் விசாரிப்பது வரை அவள் வாய் வழியாகத்தான். வழியில் நாலு வார்த்தையைக் காரமாகவோ இனிப்பாகவோ மாற்றுகிற உரிமையை அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். தபாலுக்கு அதுதான் கூலி.

இப்போது படத்துக்கு அவசரம் வந்ததற்கும் அந்தப் பாட்டுதான் காரணம். போன வாரக் கச்சேரியில், இரண்டாவது சரணத்தின் வாசலில் வந்து நின்றதும் மாமாவுக்கு வார்த்தை மறந்துவிட்டது. வாத்தியக்காரர்கள் அதே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமா தலையை ஆட்டினார், கண்ணை மூடினார், பாவம் காட்டினார். வார்த்தை வரவில்லை. அப்போது திரைச்சீலைப் பக்கமிருந்து கிசுகிசுவென்று ஒரு சொல் வந்தது. மாமா கப்பென்று பிடித்துக்கொண்டு பாடி முடித்தார்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கீபோர்டுக்காரர். கச்சேரி முடிந்ததும் மாமா அவரைக் கட்டிப்பிடித்து, "மானத்தைக் காப்பாத்தினீங்க" என்று மேடையிலேயே சொன்னார். கீபோர்டுக்காரர் ஒரு நொடி விழித்தார்; பிறகு தன்னடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த கச்சேரியில் ஒரு பாட்டு முழுக்க அவரே பாடலாம் என்று மாமா வாக்குக் கொடுத்தார். கீபோர்டுக்காரரின் விரல் தங்கம். குரல், கதவுக் கீலுக்கு எண்ணெய் போட மறந்தது மாதிரி இருக்கும்.

"அடுத்த கச்சேரி சுவரொட்டிக்கு அந்த நிமிஷத்துப் படம்தான் வேணும், பொடிசு" என்று மாமா அன்று காலைதான் படியிறங்கி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அவர் எடுத்துக் கொடுக்கிறார், நான் வாங்கிக்கிறேன். குரு சிஷ்யன் மாதிரி இருக்கணும்."

அந்த நிமிஷத்தில் எடுத்த படங்கள் வரிசையாக இருந்தன. பொடிசு ஒன்றைத் திறந்து, முதலில் மொத்த வெளிச்சத்தை இறக்கினாள். தக்காளிக்கு லேசாக மூக்கு முளைத்தது. நிறத்தை நீலப் பக்கம் தள்ளினாள். மூக்கு ஊதாவானது. இப்படிப்பட்ட சிவப்புக்கு ஒரே வைத்தியம் கறுப்பு வெள்ளைதான் என்று தொழில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, எந்த நிறத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று தீர்மானிக்கிற பட்டைகளைத் திறந்தாள். சிவப்புப் பட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்க இறக்க மாமா கரைந்தார். கரைந்து, மைக் பிடித்த ஒரு நிழலானார்.

சிவப்பு விளக்கு தொட்டதெல்லாம் அணைந்தது. சிவப்பு தொடாதது மட்டும் மிஞ்சியது. அப்படி அந்த மேடையில் மிஞ்சியவை இரண்டே வெளிச்சம்.

ஒன்று, கீபோர்டுக்காரரின் முகம். கீழேயிருந்து யாரோ டார்ச் அடித்த மாதிரி பளபளத்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். மடியில் கைப்பேசி. ஒரு கை கட்டைகளின் மேல் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க, கண் இரண்டும் கைப்பேசியில் மாட்டியிருந்தது. உதடு பசை போட்டு ஒட்டினாற்போல மூடியிருந்தது.

இன்னொன்று, அவருக்குப் பின்னால் திரைச்சீலையின் இடுக்கு. உடை மாற்றும் அறைக்குப் போகிற நடையில் எரிந்த சாதாரண வெள்ளை பல்பு அங்கே ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள் ஒரு பாதி முகம். மூக்குக் கண்ணாடி. கண்ணாடிக் கயிறு அறுந்த இடத்தில் குத்தியிருந்த காகிதக் கிளிப். கூவ வந்த மாதிரி குவிந்த உதடு.

அந்தக் கிளிப்பைக் குத்திக் கொடுத்ததே பொடிசுதான்.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடக்கிப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. பிறகு குரலைக் கொஞ்சம் சோகமாக்கிக்கொண்டு கூப்பிட்டாள். "அம்மா, ஒரு நிமிஷம் வாயேன். இந்தப் படத்துல யாரோ வெளியாள் நுழைஞ்சிருக்காங்க. உனக்குத் தெரிஞ்ச முகமான்னு பாரு."

அம்மா வந்தாள். பார்த்தாள். கடலை மெல்லுவது நின்றது.

"யாரோ. எனக்குத் தெரியல."

"கிளிப்பைப் பாரு."

"ஊர்ல கிளிப்பே கிடையாதா? எத்தனை பேர் குத்திக்கிறாங்க." கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றோடு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வாயைப் பாரும்மா. 'கூ'ன்னு சொல்ற மாதிரி இல்ல? இரண்டாவது சரணம் 'கூரையிலே'ன்னுதானே ஆரம்பம்?"

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களைப் போல நேராக, முகத்தில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தாள். "பல் டாக்டர் வீடு அந்த மண்டபத்துக்குப் பக்கத்து தெரு. வழியில பாட்டு காதுல விழுந்துது. சும்மா எட்டிப் பார்த்தேன். முட்டாள் மாதிரி கண்ணை மூடிட்டு நிக்கிறான். பாட்டு பாவமில்ல? அதுக்காகச் சொன்னேன். அவனுக்காக இல்ல."

"புரியுது."

"அந்த மூலையை இருட்டாக்கிடு. நீ வாயைத் திறந்தே, அப்புறம் நான் உன்கூடவும் பேச மாட்டேன். தபாலுக்கு வேற ஆள் பார்த்துக்க."

"நான் வாயைத் திறக்கவே மாட்டேன்" என்று பொடிசு உறுதி கொடுத்தாள். வாயைத் தவிர மற்றதைப் பற்றி அம்மாவும் கேட்கவில்லை.

மத்தியானம் கீபோர்டுக்காரரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, திரும்பப் போட்டு, மறுபடி கழற்றினார். "ஒண்ணுமில்லம்மா. அந்தப் படத்துல என் முகத்துல கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்தியா விழுந்திருக்கலாம். அதை மட்டும் லேசா எடுத்துட்டா நல்லாருக்கும்."

"நானும் பார்த்தேன் சார். கீழேயிருந்து மேல அடிக்குது. என்ன வெளிச்சம் அது?"

கீபோர்டுக்காரர் நீலத் திரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "பாட்டுல ரொம்ப ஆழ்ந்துட்டா சில பேருக்கு முகத்துல ஒரு தேஜஸ் வரும்னு சொல்லுவாங்க."

"தேஜஸா. நான் மேட்ச் ஸ்கோர்னு நினைச்சுட்டேன்."

அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். போகும்போது செருப்பை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

பொடிசுக்கு இப்போது மூன்று உத்தரவுகள். மாமாவுக்குக் கீபோர்டுக்காரர் பளிச்சென்று இருக்க வேண்டும். கீபோர்டுக்காரருக்குத் தன் முகம் மங்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு மூலை செத்துப்போக வேண்டும். மூன்றையும் ஒரே படத்தில் செய்யலாம். பட்டைகளை இழுத்தால் ஆகாதது ஒன்றுமில்லை. ஆனால் பல வருஷம் தபால் சுமந்தவளுக்குக் குறும்பு செய்ய இப்படி ஒரு வாய்ப்பு திரும்பக் கிடைக்குமா? மாமாவுக்குப் போன் போட்டாள். "படம் தயார் பண்ணிட்டிருக்கேன் மாமா. சாயங்காலம் குழுவையும் கூட்டிட்டு வாங்க. எப்படி வேணும்னு நீங்களே பக்கத்துல இருந்து சொல்லிட்டா எனக்கும் சுலபம்."

சாயங்காலம் மாமா, டிரம்ஸ்காரர், செருப்பைச் சரியாகப் போட்டிருந்த கீபோர்டுக்காரர் மூவரும் வந்தார்கள். பின்கதவு மூடியிருந்தது. ஆனால் அதன் அடியில் வழக்கமாகத் தெரியும் வெளிச்சக் கோட்டை நடுவில் இரண்டு பாதங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. பொடிசு படத்தைத் திறந்தாள்.

"ஐயோ, தக்காளி" என்றார் டிரம்ஸ்காரர்.

"வாயை மூடுய்யா" என்றார் மாமா. "என்ன பொடிசு இது, எனக்கு முகமே இல்ல?"

"சிவப்பு அதிகம் மாமா. கறுப்பு வெள்ளையாக்கிட்டேன்னா சரியாயிடும். இந்தாங்க, இதுதான் சிவப்பு. உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வச்சுக்குங்க." படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு மௌஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நானா?"

"உங்க முகம், உங்க கை."

மாமா மாத்திரை அட்டையைப் பிடிக்கிற ஜாக்கிரதையோடு மௌஸைப் பிடித்தார். பட்டையைக் கொஞ்சம் இறக்கினார். முகத்தில் மேடு பள்ளம் தெரிந்தது. "அட" என்றார். இன்னும் இறக்கினார். தாடைக்குக் கீழே இருந்த இன்னொரு தாடை மறைந்தது. அதில் ருசி கண்டு, நிறுத்தாமல் கடைசிவரை இழுத்துவிட்டார்.

மாமா மறைந்தார். திரைச்சீலை ஓரத்தில் அம்மா முளைத்தாள்.

  மாமா பட்டையை மேலே ஏற்றினார். தான் வந்தார், அக்கா போனாள். கீழே இறக்கினார். தான் போனார், அக்கா வந்தாள். திரும்பத் திரும்ப அதையே செய்தார், சுவிட்சைப் புதிதாகக் கண்டுபிடித்த குழந்தை மாதிரி.

"இது எந்த நிமிஷம்?" என்று கேட்டார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

பொடிசு வாயைத் திறக்கவில்லை. உறுதி உறுதிதான். சிவப்பைப் பாதி இறக்கி வைத்திருந்த பக்கத்துப் படத்தைத் திறந்து வைத்தாள். அதில் மாமா கண்ணை மூடி, காதை மட்டும் திரைச்சீலைப் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடு குவிந்திருந்தது. கீபோர்டுக்காரர் மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா நாற்காலியோடு திரும்பினார். "சார், அன்னிக்கு நீங்க எனக்கு என்ன வார்த்தை எடுத்துக் கொடுத்தீங்க?"

"அதுவா... அந்த அவசரத்துல... 'நிலா'ன்னு நினைக்கிறேன்."

"அது மழைப் பாட்டு சார்" என்றார் டிரம்ஸ்காரர். "அடைமழையில நிலா எங்கேர்ந்து வந்துது?"

கீபோர்டுக்காரருக்குத் திடீரென்று வீட்டில் ஒரு வேலை நினைவுக்கு வந்துவிட்டது. அவர் போன வேகத்தில் நீலத் திரை ஆடியது. இந்த வேடிக்கையை வெளியே போய் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமென்று டிரம்ஸ்காரரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவுக்கு அடியில் தெரிந்த பாதங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்: "பொடிசு, உங்கம்மாகிட்ட சொல்லு. எடுத்துக் கொடுத்தது சரி. ஆனா தப்பா எடுத்துக் கொடுத்துட்டா. 'கூரையிலே' இல்ல, 'கூரைமேலே'."

கதவு படாரென்று திறந்தது. "தப்பா? யாருடா தப்பு? எழுதினவ நான். கூரையிலேன்னா வீட்டுக்குள்ள ஒழுகுதுன்னு அர்த்தம். மேலேன்னா வெறும் சத்தம். இத்தனை வருஷமா என் வீட்டை ஒழுகவிடாம பாடிட்டு இருந்திருக்கே நீ."

"தாளத்துக்கு 'மேலே'தான் உட்காருது."

"உன் தாளமா உட்காரும்? அது என்னிக்குப் படுக்காம இருந்துது?"

"படுத்துதா? அக்கா, மனசைத் தொட்டுச் சொல்லு."

அக்கா என்று கூப்பிட்டதை இருவரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கவனித்தால் நிறுத்த வேண்டியிருக்குமே என்று கவனிக்காமல் இருந்திருக்கலாம். சண்டை கூரையிலிருந்து இறங்கி, சரணத்தைத் தட்டிப் பறித்த கச்சேரிக்குப் போனது. "கைதட்டினாங்க, எனக்குக் கண்ணு மண்ணு தெரியல" என்றார் மாமா. "எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் அம்மா.  மாமா மௌஸைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என் சரணம் இல்லங்கிறதாலதான் மறந்துது போல" என்றார்.

"பின்னே? இரவல் சட்டை எப்ப வேணா கிழியும்." அம்மா ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "நான் என்ன இப்படிக் கிழவி மாதிரி இருக்கேன்? கழுத்தைக் கொஞ்சம் சரி பண்ணு."

"எதை இழுக்கணும் பொடிசு?" என்று கேட்டார் மாமா.

பொடிசு எது எதுவென்று காட்டிக் கொடுத்துவிட்டு, "பசிக்குது, ஏதாவது சாப்பிட்டு வரேன்" என்று தெருவுக்கு இறங்கினாள். யாரும் தலையைத் திருப்பவில்லை. மூலைக்கடையில் பன்னும் டீயும் வாங்கி அவசரமில்லாமல் சாப்பிட்டாள். யாருக்கும் எதையும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்பது வாய்க்கு ஓய்வாக இருந்தது. கூடவே, இனிமேல் ஒருவர் சொன்னதைக் காரம் சேர்த்து இன்னொருவரிடம் கொடுக்க முடியாதே என்று சின்னதாக ஒரு நஷ்டமும் தோன்றியது.

திரும்பி வந்தபோது அக்காவும் தம்பியும் ஒரே மௌஸின் மேல் ஆளுக்கொரு கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் மாமா பளிங்கு மாதிரி இருந்தார். அம்மா பௌர்ணமி மாதிரி இருந்தாள். மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. டிரம்ஸ்காரர் இருந்த இடத்தில் அந்தரத்தில் இரண்டு குச்சி மட்டும் தொங்கியது. கீபோர்டு, கிடார், புல்லாங்குழல் ஒன்றையும் காணோம்.

"குழுவில மத்தவங்க எங்கே?" என்று கேட்டாள் பொடிசு.

"அவங்க வாசிக்கிறது காதுல விழுதில்ல, அது போதும்" என்றாள் அம்மா.

"அதான் நானும் சொன்னேன்" என்றார் மாமா.